காருக்குப் புது ஸ்பார்க் பிளக்: எதைப் பார்த்து வாங்குவது?

காருக்கு ஸ்பார்க் பிளக் மாற்றப் போகிறேன் என்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள், நாலு விதமான யோசனை வரும். "இரிடியம் போடுங்க, மைலேஜ் ஏறும்" என்பார் ஒருவர். "நம்ம ஊர் வெயிலுக்கு கோல்ட் பிளக்தான் சரி, என்ஜின் சூடாகாது" என்பார் இன்னொருவர். "கேப்பைக் கொஞ்சம் கூட்டி வையுங்க, பிக்கப் நல்லா இருக்கும்" என்பார் மூன்றாமவர். "எல்லா பிளக்கும் ஒண்ணுதான், மரை ஏறினா போதும்" என்று நாலாமவர் முடித்துவிடுவார். ஒவ்வொன்றிலும் உண்மையின் ஒரு துணுக்கு இருக்கிறது. ஆனால் இவற்றை அப்படியே நம்பிக் கடைக்குப் போனால் பணம் வீணாகும். சில சமயம் என்ஜினே வீணாகும்.

பிளக் என்பது விலை கூடக்கூடச் சிறந்ததாகிக்கொண்டே போகும் பொருள் அல்ல. உங்கள் என்ஜினுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. அந்தப் பொருத்தத்தை என்ஜினை வடிவமைத்தவர்களே பலமுறை சோதித்துப் பார்த்து, ஒரு எண்ணாகக் கையேட்டில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டால், யார் என்ன சொன்னாலும் குழப்பம் வராது.

தொடங்கும் முன் ஒன்று. இது பெட்ரோல், சிஎன்ஜி, எல்பிஜி வண்டிகளுக்கான விஷயம். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அங்கே காற்றை அழுத்திய சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. டீசல் வண்டியில் இருப்பது ஹீட்டர் பிளக். அது வேறு சாதனம்.

பிளக் என்னதான் செய்கிறது?

கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும் லைட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் அதன் நுனியில் ஒரு சிறு இடைவெளியில் பொறி தாவுகிறது. வாயு பற்றிக்கொள்கிறது. அத்தோடு லைட்டரின் வேலை முடிந்தது. தீ பெரிதாக எரிவதும் சிறிதாக எரிவதும் திருகின் கையிலும் பர்னரின் கையிலும் இருக்கிறது. விலை கூடிய லைட்டர் வாங்கியதால் சோறு சீக்கிரம் வேகாது. ஆனால் பத்து முறை அழுத்தினால் ஒரு முறைதான் பற்றுகிறது என்ற நிலைக்கு லைட்டர் வந்துவிட்டால், வாயு வீணாகும், வேலையும் கெடும்.

ஸ்பார்க் பிளக்கும் இதைத்தான் செய்கிறது. சிலிண்டருக்குள் வந்த பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் மேலே ஏறி அழுத்துகிறது. அந்த அழுத்தம் முடியும் தறுவாயில் பிளக்கின் நுனியில் பொறி தாவ வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு சிலிண்டரில் ஒரு முறை எரிதல் நடக்கிறது. என்ஜின் 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) ஓடினால் ஒரு சிலிண்டருக்கு நிமிடத்தில் 1500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை. ஒன்றுகூடத் தவறக் கூடாது.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அதை வைத்து ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைக் கூடத் தாண்ட முடியாது. அதனால் இக்னிஷன் காயில் என்ற சாதனம் அதை 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துகிறது. வாயு சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போய் ஒரு எல்லையைத் தாண்டியதும், இடைவெளியில் உள்ள வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வருகின்றன. அந்தக் கணத்தில் வாயுவே கம்பி போல மின்சாரத்தைக் கடத்துகிறது. நாம் பொறி என்று பார்ப்பது அதைத்தான். அந்தப் பொறியைச் சுற்றிக் கடுகளவில் ஒரு தீ பிறக்கிறது. இதைத் தீக்கரு என்று வைத்துக்கொள்வோம். தீக்கரு வளர்ந்து பரவித்தான் முழுக் கலவையும் எரிகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாயுவை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு அதிக மின்னழுத்தம் பொறிக்குத் தேவைப்படும். பிளக்கைக் கழற்றி, என்ஜின் மேல் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பார்த்து, "ஸ்பார்க் வருது, பிளக் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது பல பட்டறைகளில் வழக்கம். வெளிக்காற்றில் பொறி வருவதற்கும், சிலிண்டருக்குள் பல மடங்கு அழுத்தத்தில் பொறி வருவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. வெளியே பளிச்சென்று பொறி காட்டும் பிளக், மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது தவறலாம்.

சுருக்கமாக: பிளக் சக்தியைத் தருவதில்லை. சக்தி பெட்ரோலில் இருக்கிறது. பிளக் அதைச் சரியான நேரத்தில், ஒவ்வொரு முறையும் தவறாமல் பற்ற வைக்கிறது. "புது பிளக் போட்டதும் வண்டி பறக்குது" என்று பலர் சொல்வது பொய் இல்லை. தேய்ந்துபோன பழைய பிளக் அதுவரை இடையிடையே தவறிக்கொண்டிருந்தது. சரியான எந்தப் புது பிளக்கைப் போட்டிருந்தாலும் அதே வித்தியாசம்தான் தெரிந்திருக்கும்.

பிளக்கின் உறுப்புகள்

கையில் ஒரு பிளக்கை வைத்துக்கொண்டு படித்தால் இந்தப் பகுதி இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். மேலே காயில் வந்து மாட்டும் முனை. அதற்குக் கீழே வெள்ளைப் பீங்கான் உடம்பு. இது அலுமினாவால் ஆனது. உயர் மின்னழுத்தம் பக்கவாட்டில் கசியாமல் தடுப்பது இதன் வேலை. பீங்கானைச் சுற்றி இரும்புக் கூடு. அதில் ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணமும், அதற்குக் கீழே மரையும் இருக்கும். மரை தொடங்கும் இடத்தில் ஒரு வாஷர்.

கீழ் நுனியில் பீங்கானுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்க்கும் கம்பிக்கு நடு எலக்ட்ரோடு என்று பெயர். கூட்டிலிருந்து கிளம்பி வளைந்து அதன் தலைக்கு மேல் நிற்பது தரை எலக்ட்ரோடு. இரண்டுக்கும் நடுவே உள்ள சந்துதான் கேப், அதாவது இடைவெளி. நடு எலக்ட்ரோடைச் சுற்றி மூக்கு போல நீண்டிருக்கும் பீங்கான் பகுதியையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கோல்ட் பிளக், ஹாட் பிளக் என்ற விவகாரம் முழுக்க அந்த மூக்கின் நீளத்தில்தான் இருக்கிறது.

மரை ஏறினால் மட்டும் போதுமா?

போதாது. கார்களில் பரவலாக இருப்பது 14 மி.மீ. விட்டமுள்ள மரை. புதிய என்ஜின்களில் 12 மி.மீ., 10 மி.மீ. மரைகளும் வருகின்றன. விட்டம் தவறினால் பிளக் ஏறவே ஏறாது. அதனால் அந்தத் தவறு தானாகவே பிடிபட்டுவிடும்.

பிடிபடாமல் ஏமாற்றுவது மரையின் நீளம். 14 மி.மீ. மரையிலேயே 12.7 மி.மீ. நீளத்திலும் பிளக் உண்டு, 19 மி.மீ. நீளத்திலும் உண்டு, 26.5 மி.மீ. நீளத்திலும் உண்டு. எல்லாமே ஒரே துளையில் அழகாக ஏறும். நீளம் குறைந்ததைப் போட்டால் நுனி எரி அறைக்குள் எட்டாமல் துளைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். தீ சரியாகப் பிறக்காது. மிச்சமிருக்கும் மரையில் கரி படிந்து இறுகிவிடும். பிறகு சரியான பிளக்கை ஏற்றுவதே பாடு. நீளம் கூடியதைப் போட்டால் இன்னும் ஆபத்து. நுனி உள்ளே நீட்டிக்கொண்டு நின்று, மேலே வரும் பிஸ்டனிலோ வால்விலோ அடிபடலாம். முதல் சுற்றிலேயே சேதம் நடந்துவிடும்.

அடுத்தது உட்காரும் விதம். வாஷர் உள்ள பிளக் தட்டையான பரப்பில் உட்காரும். வாஷரே இல்லாமல், கூட்டின் அடியே சரிவாகக் கூம்பி இருக்கும் வகையும் உண்டு. அது சரிவான குழியில் உட்காரும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடக் கூடாது. ஸ்பேனர் அளவு (14, 16, 20.8 மி.மீ. என்று வரும்) உங்கள் கைக்கருவியைப் பொறுத்தது மட்டும் இல்லை. இப்போதைய என்ஜின்களில் பிளக் ஒரு குறுகலான கிணற்றுக்குள் இருப்பதால், பெரிய அறுகோணம் உள்ளே இறங்கவே இறங்காது.

சுருக்கமாக: விட்டம், நீளம், உட்காரும் விதம், அறுகோண அளவு ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். கண்ணளவில் ஒரே மாதிரி இருக்கிறது என்பது கணக்கில் சேராது.

ஹாட் பிளக், கோல்ட் பிளக்: எல்லோரும் குழம்பும் இடம்

இந்தக் கட்டுரையை எழுத முக்கியக் காரணமே இதுதான். கோல்ட் பிளக் என்றால் என்ஜினைக் குளிர்விக்கும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். ஹாட் பிளக் என்றால் பொறி சூடாக, பலமாக வரும் என்றும் நம்புகிறார்கள். இரண்டும் தவறு. இந்தச் சூடும் குளிரும் பிளக்கின் நுனி எவ்வளவு சூட்டைத் தன்னிடம் தேக்கி வைத்துக்கொள்கிறது என்பதைப் பற்றியவை மட்டுமே.

ஒவ்வொரு முறை எரியும்போதும் சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியசுக்கு மேல் போகிறது. அதன் நடுவே நிற்பது பிளக்கின் நுனி. வாங்கிய சூட்டை அது எங்காவது கடத்த வேண்டும். நுனியிலிருந்து பீங்கான் மூக்கு வழியாக மேலே போய், பீங்கான் கூட்டைத் தொடும் இடத்தில் இறங்கி, மரை வழியாகவும் வாஷர் வழியாகவும் சிலிண்டர் ஹெட்டுக்குப் போய், அங்கே ஓடும் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில் சேர்கிறது. மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெகுதூரம் பயணம் செய்ய வேண்டும், மெதுவாகத்தான் வெளியேறும், நுனி சூடாகவே இருக்கும். அதுதான் ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று வெளியேறிவிடும். அது கோல்ட் பிளக். எந்த பிளக் எந்த வேகத்தில் சூட்டை வெளியேற்றும் என்பதைக் குறிக்கும் எண்ணை வெப்ப எண் என்று சொல்லலாம்.

சரி, நுனி எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேல், 850 டிகிரிக்குக் கீழ். இந்த இரண்டு எல்லைகளுக்கும் காரணம் உண்டு.

450 டிகிரிக்குக் கீழே இருந்தால், எரியும்போது படியும் கரி எரிந்து போகாமல் பீங்கான் மூக்கின் மேல் சேர்ந்துகொண்டே போகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். காயில் அனுப்பும் உயர் மின்னழுத்தம் இடைவெளியைத் தாண்டுவதற்குப் பதிலாக, கரிப் படிவின் மேல் ஊர்ந்து கூட்டுக்குப் போய்விடும். பொறி வராது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஐடிலில் நடுங்குவது எல்லாம் இதன் விளைவு. போதுமான சூடு இருந்தால் கரி அவ்வப்போதே எரிந்து நுனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

850 டிகிரிக்கு மேலே போனால் கதை வேறு. நுனியே கனன்று, பொறிக்காகக் காத்திருக்காமல் கலவையைப் பற்ற வைத்துவிடும். இதற்கு முன்பற்றல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே கலவை எரியத் தொடங்கினால், அத்தனை அழுத்தமும் சூடும் பிஸ்டன் தலையில் இறங்கும். பிஸ்டனில் ஓட்டை விழும் அளவுக்குச் சேதம் போகலாம்.

ஆக, கோல்ட் பிளக் போட்டால் என்ஜினின் வெப்பம் குறையாது. எரியும் பெட்ரோலின் அளவு மாறவில்லை. என்ஜினைக் குளிர்விப்பது ரேடியேட்டரும் கூலன்ட்டும்தான். வெயில் வாதமும் நிற்காது. வேலூர் மே மாத வெயிலானாலும் கொடைக்கானல் டிசம்பர் குளிரானாலும், தெர்மோஸ்டாட் கூலன்ட்டைக் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில்தான் வைத்திருக்கிறது. 2000 டிகிரி வாயுவுக்கு நடுவே நிற்கும் நுனிக்கு வெளிக்காற்றின் 20, 30 டிகிரி வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஊருக்குள் குறைந்த தூரம் ஓட்டும் காரில் தேவையில்லாமல் கோல்ட் பிளக் போட்டால் கரி பிடிப்பதுதான் மிச்சம்.

அப்படியானால் கோல்ட் பிளக் யாருக்கு? என்ஜினின் சக்தியைக் கம்பெனி அளவுக்கு மேல் கூட்டியவர்களுக்கு. டர்போ அழுத்தத்தை ஏற்றியவர்கள், ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் போன்றோர். அங்கே உண்மையிலேயே எரி அறையில் சூடு கூடுகிறது. ஆயில் குடிக்கும் பழைய என்ஜினில் பிளக் அடிக்கடி கரி பிடிக்கிறது என்று ஒரு படி ஹாட் பிளக் போடும் பட்டறைகளும் உண்டு. கொஞ்ச நாள் வண்டி ஓடும். ஆனால் கோளாறு பிஸ்டன் ரிங்கிலோ வால்வு சீலிலோ அப்படியே இருக்கும். அதைச் சரிசெய்யாமல் பிளக்கை மாற்றிக்கொண்டிருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெப்ப எண்ணை எல்லா கம்பெனிகளும் ஒரே திசையில் எழுதுவதில்லை. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் கோல்ட். பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் ஹாட். அளவுகோலும் வேறு வேறு. என்ஜிகேயின் 6, டென்சோவின் 20, பாஷின் 7 ஆகியவை கிட்டத்தட்ட ஒரே வெப்பம். என்ஜிகே 5-க்கு இணை டென்சோ 16, பாஷ் 8. "பழசுல 6 இருந்தது, இதுலயும் 6 இருக்கு" என்று வேறு கம்பெனி பிளக்கை வாங்குவது எவ்வளவு தவறாகப் போகலாம் என்று பாருங்கள்.

சுருக்கமாக: வெப்ப எண் என்பது பிளக் தன் சூட்டை வெளியேற்றும் வேகம். கம்பெனி கொடுத்த நிலையில் இருக்கும் காருக்குக் கம்பெனி சொன்ன வெப்ப எண்தான் சரி.

இடைவெளியைக் கூட்டலாமா?

பெரும்பாலான கார்களில் இடைவெளி 0.8 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும். இடைவெளி பெரிதானால் பொறி நீளமாகும், தீக்கரு பெரிதாகப் பிறக்கும், கலவை பற்றுவது எளிதாகும். பிக்கப் ஆலோசகர் சொன்னதில் உண்மையின் துணுக்கு இதுதான். ஆனால் பெரிய இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். காயிலுக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் எவ்வளவு பெரிதாக வைக்கலாமோ அவ்வளவு பெரிதாகத்தான் கம்பெனி ஏற்கெனவே வைத்திருக்கிறது. அதற்கு மேல் கூட்டினால், சாதாரணமாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. டாப் கியரில் மேடு ஏறும்போது மிஸ்ஸிங் வரும், அதாவது பொறி இடையிடையே தவறும். காயிலும் சீக்கிரம் போகும்.

பிளக் பழசாவது என்றால் என்ன என்பதும் இங்கேதான் விளங்குகிறது. ஒவ்வொரு பொறியும் எலக்ட்ரோடின் உலோகத்தைத் துளித்துளியாக அரிக்கிறது. கூர்மையான விளிம்பு மழுங்குகிறது, இடைவெளி தானாகவே அகலமாகிறது. மழுங்கிய விளிம்பிலிருந்து பொறி கிளம்புவது கடினம். ஆக, பிளக் தேயத் தேயக் காயில் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. இருநூறு முந்நூறு ரூபாய் பிளக்கை மாற்றாமல் இழுத்தடித்து, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள காயிலை மாற்றுவது இப்படித்தான் நடக்கிறது. தவறிய சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்கு புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கவும் செய்யும். அது இன்னும் பெரிய செலவு.

டர்போ என்ஜின்களில் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் இடைவெளி சிறிதாக இருக்கும். சிஎன்ஜி விஷயமும் கிட்டத்தட்ட இதே. இயற்கை வாயுவைப் பற்ற வைக்க பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் தேவை. அதனால் சிஎன்ஜி வண்டியில் பிளக் தேய்மானம் முதலில் வெளியே தெரியும். பெட்ரோலில் ஒழுங்காக ஓடும் கார் சிஎன்ஜிக்கு மாற்றியதும் மிஸ்ஸாகிறது என்றால் நான் முதலில் பிளக்கைத்தான் பார்ப்பேன். ஒரே மாடலின் பெட்ரோல் காருக்கும் சிஎன்ஜி காருக்கும் பிளக்கோ மாற்றும் கெடுவோ வேறாக இருக்கலாம். கையேட்டில் சரியான பக்கத்தைப் பாருங்கள்.

பெட்டியிலிருந்து எடுத்த புது பிளக்கிலும் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) வைத்து ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. சாதாரண நிக்கல் பிளக்கில் வித்தியாசம் இருந்தால் தரை எலக்ட்ரோடை மட்டும் மெல்ல வளைக்கலாம். இரிடியம் பிளக்கில் கை வைக்காதீர்கள். அதன் நடு நுனி மெல்லியது, நெம்பினால் உடைந்துவிடும். கைதவறிக் கீழே விழுந்த பிளக்கையும் மாட்ட வேண்டாம். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருந்தால் மின்சாரம் அதன் வழியே கசியும்.

நிக்கல், பிளாட்டினம், இரிடியம்

விலை வித்தியாசம் முழுக்க இங்கேதான். சாதாரண பிளக்கின் எலக்ட்ரோடு நிக்கல் கலவை உலோகம். இதைக் கடைகளில் காப்பர் பிளக் என்றும் சொல்வார்கள். செம்பு இருப்பது எலக்ட்ரோடின் உள்ளே, சூட்டைக் கடத்துவதற்காக. பொறியைத் தாங்கும் வெளிப்பரப்பு நிக்கல்தான். 1085 டிகிரியில் உருகும் செம்பால் அந்த வேலையைத் தாங்க முடியாது. நிக்கல் 1455 டிகிரியிலும், பிளாட்டினம் 1768 டிகிரியிலும், இரிடியம் 2446 டிகிரியிலும் உருகும்.

இரிடியம் கடினமானது, அரிப்பைத் தாங்குவது. அதனால் நுனியை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. நிக்கல் நுனி ஏறத்தாழ 2.5 மி.மீ. தடிமன் என்றால், இரிடியம் நுனி 0.4 முதல் 0.7 மி.மீ. வரைதான். மெல்லிய நுனியில் மின்புலம் குவிவதால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி கிளம்பும். இன்னொரு நன்மையும் உண்டு. அப்போதுதான் பிறந்த தீக்கரு பக்கத்தில் இருக்கும் உலோகத்தைத் தொட்டால் சூட்டை இழக்கும். உலோகம் சிறிதாக இருந்தால் அந்த இழப்பும் குறைவு. இவை உண்மையான நன்மைகள். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் நிக்கல் பிளக்கும் உங்கள் என்ஜினில் கலவையை ஒழுங்காகப் பற்ற வைத்துக்கொண்டுதான் இருந்தது. எரிந்த பெட்ரோல் அதே பெட்ரோல். மைலேஜில் கணக்குப் பார்க்கும் அளவுக்கு மாற்றம் வரும் என்று நம்பி இரிடியம் வாங்காதீர்கள்.

இரிடியத்துக்குப் பணம் கொடுப்பது ஆயுளுக்காக. நிக்கல் பிளக் பொதுவாக 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை வரும். நீண்ட ஆயுள் இரிடியம் பிளக் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை போகும். இங்கேயும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரிடியம் என்று பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் நீண்ட ஆயுள் பிளக் அல்ல. நடு எலக்ட்ரோடில் மட்டும் இரிடியம் வைத்து, தரை எலக்ட்ரோடைச் சாதாரண நிக்கலாகவே விட்ட வகைகள் உண்டு. நிக்கல் பக்கம் தேய்ந்து இடைவெளி அகலமாகிவிடும். இரண்டு பக்கமும் இரிடியமோ பிளாட்டினமோ இருந்தால்தான் அந்த லட்சம் கிலோமீட்டர் சாத்தியம்.

கையேடு நிக்கல் என்று சொல்லும் காருக்கு அதே அளவு, அதே வெப்ப எண் உள்ள இரிடியம் போடலாம், தவறில்லை. அடிக்கடி மாற்றும் வேலை குறையும். பிளக்கை எடுக்க இன்டேக் பாகங்களையெல்லாம் கழற்ற வேண்டிய என்ஜின்களில் இது நல்ல லாபம். ஆனால் கையேடு இரிடியம் என்று சொல்லும் காருக்கு விலை குறைவு என்று நிக்கலைப் போட்டுவிட்டு, பழைய கெடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. அந்த என்ஜினின் காயில் மெல்லிய நுனியை மனதில் வைத்துச் செய்யப்பட்டது.

இரண்டு, மூன்று, நான்கு தரை எலக்ட்ரோடுகள் உள்ள பிளக்குகளும் விற்கின்றன. நான்கு இருந்தால் நான்கு பொறி வரும் என்பது இல்லை. ஒரு நேரத்தில் எந்த வழி எளிதோ அந்த ஒன்றில்தான் பொறி தாவும். பயன், தேய்மானம் நான்காகப் பிரிகிறது என்பதுதான்.

ரெசிஸ்டர் ஒரு வார்த்தை

பிளக்குக்குள் சுமார் 5000 ஓம் மின்தடை ஒன்றை வைத்திருப்பார்கள். பொறி ஒவ்வொன்றும் வானொலி அலை போல இரைச்சலைப் பரப்பும். அது ரேடியோவிலும், முக்கியமாக என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரிலும் குறுக்கிடாமல் இந்த மின்தடை தடுக்கிறது. இன்றைய எல்லா கார்களுக்கும் ரெசிஸ்டர் உள்ள பிளக்தான் வேண்டும். அது இல்லாவிட்டால் பொறி பலமாக வரும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள்.

எண்ணைப் படிப்பது

இதுவரை பார்த்ததெல்லாம் பிளக்கின் எண்ணுக்குள் எப்படி அடங்கியிருக்கிறது என்று ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். என்ஜிகேயின் பிகேஆர்6ஈ-11 பல கார்களில் வந்த பிளக். "பி" என்றால் 14 மி.மீ. மரை. "கே" என்றால் 16 மி.மீ. அறுகோணம். "ஆர்" என்றால் ரெசிஸ்டர் உண்டு. 6 என்பது வெப்ப எண். "ஈ" என்றால் 19 மி.மீ. மரை நீளம். கடைசி 11 என்பது 1.1 மி.மீ. இடைவெளி. டென்சோவில் இதற்கு இணை கே20பிஆர்-யு11. அங்கே 20 என்பது வெப்ப எண், கடைசி 11 அதே இடைவெளி. மற்ற எழுத்துகள் மரை, நுனியின் அமைப்பு, ரெசிஸ்டர் ஆகியவற்றைச் சொல்கின்றன.

ஒரு எழுத்தோ ஒரு எண்ணோ மாறினால் பிளக்கே மாறிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். "கடைசியில ஒரு நம்பர்தான் சார் வித்தியாசம்" என்று கடையில் சொன்னால், அந்த நம்பர் எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள்.

கடையில்

கார் கையேட்டில் உள்ள எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். கையேடு தொலைந்துவிட்டால், பிளக் கம்பெனிகளின் பட்டியலில் உங்கள் காரின் மாடல், வருடம், என்ஜின் வகை மூன்றையும் வைத்துத் தேடுங்கள். ஒரே பெயரில் வரும் காருக்கே வருடத்துக்கு வருடம் என்ஜின் மாறியிருக்கும். வண்டியில் இருக்கும் பழைய பிளக்கை மட்டும் நம்ப வேண்டாம், அதிலும் செகண்ட் ஹேண்ட் கார் என்றால். முன்பு யாரோ தவறான பிளக்கைப் போட்டிருந்தால், அதே தவறை நீங்களும் காசு கொடுத்து வாங்குவீர்கள்.

எத்தனை வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கு ஒன்று என்பது வழக்கம். இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் மூன்றே சிலிண்டர்கள். ஆனால் 2003-இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ நான்கு சிலிண்டர் காராக இருந்தும் அதற்கு எட்டு பிளக். எத்தனை இருந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

போலி பிளக்குகள் சந்தையில் நிறைய. சென்னை ஜி.பி. ரோடு போன்ற பெரிய ஸ்பேர் பார்ட்ஸ் தெருக்களில் நேர்மையான கடைகள் ஏராளமாக உண்டு. அங்கேயும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில் போட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு. பீங்கானில் அச்சு மங்கலாக இருப்பது, மரை சொரசொரப்பாக இருப்பது, நடு எலக்ட்ரோடும் தரை எலக்ட்ரோடும் நேருக்கு நேர் நிற்காமல் விலகி இருப்பது, வாஷர் தானாகக் கழன்று விழுவது போன்றவற்றைக் கண்டால் வாங்காமல் திரும்புங்கள். போலி பிளக்கில் வெப்ப எண் எழுத்தில் மட்டும்தான் இருக்கும்.

பழைய பிளக்கைத் தூக்கி எறியும் முன்

கழற்றும்போது எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று வரிசையாக வையுங்கள். நுனி வெளிர் பழுப்பில் இருந்தால் எல்லாம் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது வண்டி எப்போதும் குறைந்த தூரமே ஓடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் எரி அறைக்குள் வருகிறது. பீங்கான் வெளுத்துக் கொப்புளம் கட்டியிருந்தால் நுனி அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. அப்போது புது பிளக் மாட்டுவதோடு நிறுத்தாமல் காரணத்தைத் தேட வேண்டும். ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டால் கோளாறு அந்த சிலிண்டரில்தான்.

உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்டும் பழக்கம் நிக்கல் பிளக்கில் அவசரத்துக்கு ஒருமுறை ஓடும். இரிடியத்தில் அதைச் செய்யவே கூடாது. மெல்லிய நுனி கெட்டுவிடும்.

மாட்டும்போது

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்து வரலாம். கழற்றும் முன் பிளக் கிணற்றில் உள்ள தூசியைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். புது பிளக்கை முதலில் கையாலேயே திருகுங்கள். கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. ஸ்பேனர் போட்டு அழுத்தாமல் கழற்றி மறுபடி தொடங்குங்கள்.

எவ்வளவு இறுக்குவது என்பதும் பிளக்கின் வெப்பத்தோடு சம்பந்தப்பட்டது. சூடு மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் போக வேண்டும் என்று பார்த்தோம். தளர்வாக இருந்தால் அந்த வழி அடைபட்டு, சரியான வெப்ப எண் உள்ள பிளக்கே அளவுக்கு மீறிச் சூடாகும். அதிகம் இறுக்கினால் மரை போகும், அல்லது பிளக்கின் கூடு விரியும். வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மி.மீ. பிளக்குக்கு 15 முதல் 20. டார்க் ரென்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லையென்றால், வாஷர் உட்காரும்வரை கையால் திருகி, அதன் பிறகு 14 மி.மீ. பிளக்கை ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை இறுக்கலாம். கூம்பி உட்காரும் பிளக்குக்கு சுற்றில் பதினாறில் ஒரு பங்கே போதும். அதைத் தாண்டினால் அடுத்த முறை கழற்ற வராது. மரையில் கிரீசோ வேறு பசையோ தடவ வேண்டாம். வழுக்கலில் ஸ்பேனர் தேவைக்கு மேல் இறுக்கிவிடும்.

காயில்களை அவையவை இருந்த சிலிண்டரிலேயே திரும்ப மாட்டி, கனெக்டர் "கிளிக்" என்று பூட்டும் வரை அழுத்துங்கள். ஸ்டார்ட் செய்ததும் நடுக்கமோ செக் என்ஜின் விளக்கோ வந்தால், பிளக்கைக் குறை சொல்லும் முன் அந்தக் கனெக்டர்களை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.